மாட்டுக் கொட்டாய் கோடவுன் ஆனது

ரஹீம் பாய் கடைக்கு எதிரே புகை எழுந்துகொண்டிருந்தது. ஆவடி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் தையற்கடை அது. பாய் ஒரு குச்சியால் தீயைக் கிளறிக்கொண்டு நின்றார். எரிந்துகொண்டிருந்தது அத்தனையும் துணி. காக்கி, சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது என்று கத்தரித்து எறிந்த துண்டுகள்.

ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைக்கக் கொடுப்பதற்காகப் போயிருந்தேன். அதை மறந்துவிட்டுத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பாய் கொளுத்துறீங்க?"

"பின்ன இன்னாம்மா பண்றது? உள்ள வெச்சா எலி குடும்பம் நடத்துது. வெளிய போட்டா மாடு துன்னுது. வாரத்துக்கு ஒரு மூட்டை சேர்ந்துபூடுது."

"எனக்குக் குடுக்கறீங்களா?"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கெதுக்கு? தலகாணி தெக்கப் போறியா?"

எதற்கென்று எனக்கே அப்போது திட்டமாகத் தெரியாது. முதல் நாள் மத்தியானம் அம்பத்தூரில் பார்த்த காட்சி ஒன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எரியாமல் மிச்சமிருந்ததை ஒரு கோணியில் அள்ளிக்கொண்டு சேக்காட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தேன். ஜாக்கெட் கை அப்படியே இருந்தது.

ஒரு லுங்கிக்கு மூன்று பேர்

என் வீட்டுக்காரர் ஏழுமலை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்ப்பர். முதல் நாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். அம்பத்தூரில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போனேன். வாட்ச்மேன் நல்ல மனுஷர், "உள்ள போய் ஓரமா நில்லும்மா" என்றார்.

அந்தப் பட்டறைக் கொட்டகைகளுக்குள் என்னதான் நடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ரயிலில் கூட வரும் பெண்களைக் கேட்பேன். உங்க வீட்டுக்காரர் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் ஒருத்தி "ஸ்க்ரூ" என்பாள். இன்னொருத்தி "மூடி" என்பாள். எதற்கு மூடி என்று கேட்டால் "அது தெரியாது, மூடிதான்" என்பாள். எந்த ஊர் வண்டியில், எந்த மெஷினில் அந்த மூடி உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

உள்ளே போனால், இரும்பு முறுக்குப் பிழிந்ததுபோலச் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் பால் மாதிரி ஒரு தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கியது. எல்லாருக்கும் முழங்கை வரை கறுப்பு.

அந்தப் பக்கம் ஒரு கிழிந்த லுங்கித் துண்டுக்கு மூன்று பேர் இழுபறி. "மாமே, அது என் பங்கு, வுடு!" "நீ காலீல தொடச்ச இல்ல, குடுறா!" என் வீட்டுக்காரர் அந்தச் சண்டைக்கே போகவில்லை. தன் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு தூக்கை வாங்கினார். எங்கள் வீட்டில் சோப்பு ஏன் நிற்பதே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் அவரைக் கேட்டேன். "அம்மாம் பெரிய எஸ்டேட்டு. கை தொடைக்கத் துணி இல்லியா?"

"ஸ்டோர்ல குடுப்பாங்க. மில்லுலருந்து பஞ்சு வேஸ்ட்டு வந்தா உண்டு. வராங்காட்டி இல்ல. மெஷின் தொடைக்கணும், செஞ்ச சாமான் தொடைக்கணும், கை தொடைக்கணும். எவ்ளோ வந்தாலும் பத்தாது."

மறுநாள்தான் பாய் கடை முன்னால் அந்தப் புகை.

எந்தக் கம்பெனி?

எங்கள் கல்யாணக் கதை தனிக் கதை. நான் பிறந்தது வெள்ளானூரில். அம்மா அஞ்சலை, பெரிய வீட்டு வயல்களில் நாற்று நட்டு, களை எடுத்து என்னை வளர்த்தாள். ஊரில் யார் என்னைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீ யாரு ஊட்டுப் பொண்ணு?" அதற்கு நான் சொல்லும் பதிலில்தான், நான் எங்கே நிற்கலாம், தண்ணீரை எதில் ஊற்றுவார்கள், அந்தத் தெருவில் செருப்போடு போகலாமா என்பதெல்லாம் இருந்தது.

ஆவடிக்கு வந்தால் எல்லாரும் கேட்டது வேறு கேள்வி. ரயிலில், குழாயடியில், ரேஷன் கடையில், "உங்க ஊட்டுக்காரரு எந்தக் கம்பெனி?" லேத் பட்டறை என்று சொன்னால் அடுத்ததாக, "அங்க ஆள் எடுக்கறாங்களா?" அதோடு சரி.

பட்டணத்துப் பக்கம் உங்களை இழுத்தது எது என்று இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். விளக்கு, பஸ், சினிமாக் கொட்டகை என்று அவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கேள்விதான்.

பழைய கேள்வி ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வாடகைக்கு வீடு தேடும்போது அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். "கறி மீன் ஆக்குவீங்களா?" என்பார்கள். பதிலுக்கு முன்னாலேயே கதவு பாதி சாத்தியிருக்கும்.

மூட்டைக்குள் ஓர் ஊர்

பாய் கொடுத்த துணியைத் தட்டி, ஊக்கும் பட்டனும் பிய்த்துப் போட்டு, அம்பத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டோர் கீப்பர் ராகவன் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். கோணிக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தார். கறை போய்விட்டது.

"ஆரு இது கொண்டுவரச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நேத்து சண்டை போட்டுக்கினு இருந்தாங்க, பார்த்தேன்."

அவர் சிரித்தார். எடை போட்டுக் காசு கொடுத்தார். "சரி. அடுத்த வாரமும் கொண்டுவரு. நமக்குப் பார்க்காம்."

அப்படித்தான் ஆரம்பம். பாய் மற்ற தையற்காரர்களிடம் சொல்லிவிட்டார். எரிக்கிற வேலை மிச்சம் என்று அவர்களும் கோணியை எடுத்து வைத்தார்கள். ஏழுமலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார்.

தரம் பிரிக்க உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது. காக்கித் துண்டு அதிகமாக வந்தால் எங்கேயோ புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள். நீலமும் வெள்ளையும் குவிந்தால் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. ஜரிகை ஓரம் மினுக்கினால் முகூர்த்த மாசம். ஒரு முறை குடை மாதிரி அகலக் கால்சட்டை வெட்டிய மிச்சங்களாக வந்தன. இதை யார் போட்டுக்கொள்வார்கள் என்று யோசித்தேன். கொஞ்ச நாளில் ஆவடி ஸ்டேஷனில் பையன்கள் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் எங்களுடையது ஒற்றை அறை. மூட்டைகள் சேரச் சேர, படுக்க இடமில்லாமல் போனது. வீட்டுச் சொந்தக்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்று சொல்லிவிட்டார். "நெருப்புப் புடிச்சா யாரு பதில் சொல்றது? ஒண்ணு மூட்டை இருக்கணும், இல்லாட்டி நீங்க இருக்கணும்."

ராஜேஸ்வரி

ரேஷன் கடை வரிசையில் யாரோ என் பின்னாலிருந்து கேட்டார்கள். "தலையெல்லாம் இன்னா நூலு?"

திரும்பினேன். வெள்ளானூர்ப் பெரிய வீட்டுப் பெண் ராஜேஸ்வரி. என் வயதுதான். அம்மா அவர்கள் வயலில் வேலை செய்யும்போது நான் கொல்லைப்புறத்தில் நிற்பேன், அவர் ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. சேக்காட்டில் ஒரு பழைய விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தார். அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் காலையில் ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

"நீ அஞ்சலை பொண்ணுதானே?"

"ஆமாங்க சின்னம்மா."

தலையில் நூல் வந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். யார் வாங்குகிறார்கள், எதைத் துடைக்கிறார்கள், துடைத்த துணி என்ன ஆகிறது? எனக்கே தெரியாத கேள்வியெல்லாம் கேட்டார். கடைசியில், "எங்க மாட்டுக் கொட்டாய் காலியாத்தான் கீது. மாடெல்லாம் வித்தாச்சு. மாமாவைக் கேட்டுச் சொல்றேன், வாடகைக்கு எடுத்துக்கோ" என்றார்.

அவருடைய மாமனார் மூட்டை வைக்கத்தானே என்று ஒப்புக்கொண்டார்.

முதல் வாரம் ராஜேஸ்வரி பின்கதவில் நின்று பார்த்தார். அடுத்த வாரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் என் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "சும்மா பார்த்துகினு இருந்தா கை நமநமன்னுது" என்றார். "அப்பால ஒண்ணு, இந்த சின்னம்மா எல்லாம் வாணாம். பேர் சொல்லு."

பேர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பேசிப் பேசி, "யக்கா"வில் வந்து நின்றோம்.

உருகிய துணி

தொழில் சூடுபிடித்த நேரத்தில்தான் அது நடந்தது. ஒரு நாள் ஏழுமலை வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு விரலிலும் கொப்புளம், தோல் உரிந்திருந்தது. துளை போட்ட சாமானைச் சூட்டோடு எடுக்கத் துணியைச் சுற்றிப் பிடித்திருக்கிறார். துணி உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "வுடுடி, கொப்புளம்தானே" என்றார் அவர். "உன் துணிக்கு என்னாண்ட ரொம்பப் பாசம். புடிச்சா வுட மாட்டேன்னுது."

மறுநாள் ராகவன் எல்லா மூட்டைகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஓடினேன்.

"துணின்னா எரியும், சாம்பலாகும், அது சரி. இது அரக்கு மாதிரி உருகுது கன்னியம்மே! எண்ணெயும் இழுக்கறதில்லை. முதலாளி வேண்டான்னு சொல்லியாச்சு."

"எல்லாத் துணியும் அப்படி இல்லைங்களே சார். இத்தினி நாளு..."

"இல்லை. நல்லது இருக்கு, கெட்டது இருக்கு. பிரிச்சுக் காட்டு. நல்ல பருத்தி மட்டும்னா நான் முதலாளிகிட்ட சொல்லாம். ஆனா இன்னொரு தடவை யாருக்காவது கை வெந்தா, அதோட தீர்ந்தது."

அப்போதுதான் டெரிலின் என்ற செயற்கை நூல் துணியும், அது பருத்தியோடு கலந்த டெரிகாட்டனும் எல்லாக் கடையிலும் நுழைந்துகொண்டிருந்தன. எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து முரட்டு நூல் சேலை ஒன்றைத் தவிர என் உடம்பில் வேறு துணி பட்டதில்லை. கொட்டாயில் மூட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு விழித்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. இனி ஒரு துண்டு தப்பிப் போனாலும் அது என் வீட்டுக்காரர் கையிலேயே படலாம்.

ராஜேஸ்வரி வந்தார். ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"இது டெரிலின். கல்யாணம் ஆன புதுசுல எங்க ஊட்டுக்காரரு ஆசையா வாங்கினு வந்த சேலை இதுதான். வெய்யில்ல கட்டினா உடம்பு வெந்துபூடும். ஒரு சொட்டு வேர்வை இழுக்காது."

நான் சொன்னேன், "வேர்வை இழுக்காதது எண்ணெய் மட்டும் எப்படி இழுக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன். துணிமேல் தெளித்தால் பருத்தி உடனே குடித்தது. டெரிலினில் முத்து முத்தாக நின்று உருண்டது. கலப்புத்துணிதான் ஏமாற்றியது. அதற்கு ராஜேஸ்வரியின் விரல்தான். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்து, "வாணாம்" என்பார். ஓரமாகப் போடுவேன்.

ஜன்னல் வழியாக

இரண்டாம் நாள் முற்பகல். கொட்டாய் வாசலில் நிழல் விழுந்தது. ராஜேஸ்வரியின் மாமனார்.

"ராஜேஸ்வரி, எழுந்திரு. ஊரான் கழிச்ச கந்தலைப் பொறுக்கவா உன்னை இந்த ஊட்டுக்குக் கட்டினு வந்தோம்?"

என்னைப் பார்க்காமலே அடுத்ததைச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள மூட்டையெல்லாம் வெளிய போயிடணும்."

ராஜேஸ்வரி எழுந்தார். மடியிலிருந்த நூலைத் தட்டினார். "அவ வாடகை குடுக்கறா மாமா. இன்னும் மாசம் முடியல."

"வாடகை மூட்டைக்கு. உனக்கு இல்ல."

ராஜேஸ்வரி உள்ளே போனார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இத்தனை மூட்டையையும் மழையில் எங்கே கொண்டுபோவேன்? பிரித்தது பாதி, பிரிக்காதது பாதி. ஒரு கலப்புத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லதா கெட்டதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"தோ... கன்னி!"

கொட்டாய்க்கு எதிரே சமையலறை ஜன்னல். கம்பிக்குள்ளிருந்து ராஜேஸ்வரியின் கை நீண்டிருந்தது. புரிந்துகொண்டேன். துண்டுகளை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் ஜன்னலில் நீட்டினேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தேய்த்துப் பார்த்தார். நல்லதை வலது பக்கம் போட்டார், கெட்டதை இடது பக்கம். குழம்பு கொதித்தது, கிண்டினார், மறுபடி கையை நீட்டினார். சின்ன வயதில் நான் வெளியே, அவர் ஜன்னலுக்குள்ளே என்று நின்றது போலவேதான் நின்றோம். இப்போது நடுவில் வேலை இருந்தது.

முதல் தூறல் விழுந்தபோது, குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் வாசலுக்குள் நுழைந்தார். ராகவன்! வர வேண்டிய பஞ்சு வேஸ்ட் வரவில்லையாம், பட்டறையில் துடைக்க ஒரு நூல் இல்லையாம். பிரித்தாயிற்றா என்று பார்க்க ஏழுமலையிடம் வழி கேட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

முற்றத்தில் மாமனார் நின்றிருந்தார். ராகவன் அவருக்குக் கும்பிடு போட்டார்.

"சார், கன்னியம்மா கோடவுன் இதுதானே?"

பெரியவர் புரியாமல் பார்த்தார். "இன்னா கேட்டீங்க?"

"கோடவுன். சரக்கு வைக்கிற இடம்." ராகவன் கொட்டாயைக் காட்டினார். "நீங்கதானே கோடவுன் ஓனர்?"

பெரியவர் திரும்பி மாட்டுக் கொட்டாயைப் பார்த்தார். முளைக்குச்சி, தொட்டி, ஓடு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆமா. நம்ம கோடவுன்தான்."

"மழை வருது. ஒழுகாதே? சரக்கு நனைஞ்சா எனக்கு வேண்டா."

"ஒழுகவா? நான் நின்னு மேய வெச்ச ஓடு சார் அது!"

சொல்லிவிட்டு, சாரல் அடித்த பக்கம் இருந்த மூட்டையை அவரே உள்ளே இழுத்துத் தள்ளினார்.

ராகவன் பிரித்த குவியலில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார். ஒரு துண்டைக்கூட ஒதுக்கவில்லை. "ஆரு இதைத் தரம் பார்க்கறது? நீயா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரியவரும் ஜன்னலைப் பார்த்தார். தூறல் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

"ராஜேஸ்வரி," என்று கூப்பிட்டார். "சாரு ஏதோ கேக்கறாரு. வந்து சொல்லு."

அம்மாவின் கேள்வி

பட்டறைக்கு மறுபடியும் துணி போனது. ராகவன் சொல்லி இன்னும் இரண்டு பட்டறைகள் கேட்டன. நானும் ராஜேஸ்வரியும் சரிபாதிக் கூட்டு என்று வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொண்டோம். கொட்டாயில் மின்சார விளக்கு வந்தது. பெரியவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்க கோடவுன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆனால் கடைசிவரை என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா வெள்ளானூரிலிருந்து வந்தாள். மகள் ஏதோ வியாபாரம் செய்கிறாளாமே என்று பார்க்க வந்தவள், கொட்டாய் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள வா அஞ்சலம்மா, உக்காரு" என்றார் ராஜேஸ்வரி.

அம்மா உட்காரவில்லை. மூட்டைகளைப் பார்த்தாள். எங்கள் தலையிலிருந்த நூலைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், ஆனால் இருவருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏண்டி கன்னி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ அவங்களாண்ட வேலை செய்யறியா, அவங்க உன்னாண்ட வேலை செய்யறாங்களா? இதுல யாருடி ஆண்டை?"

கோபமோ கிண்டலோ இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆயுசு முழுக்க வேலை செய்தவளுக்கு, ஆண்டை இல்லாத வேலை ஒன்று இருக்கும் என்று தோன்ற நியாயம் இல்லை.

நானும் ராஜேஸ்வரியும் பார்த்துக்கொண்டோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அதை நாங்க இன்னும் யோசிக்கவே இல்ல அஞ்சலம்மா" என்றார்.

வாசலில் மூன்று சக்கர வண்டிக்காரர் மணி அடித்தார். அம்பத்தூர் மூட்டைகள் போக வேண்டும். நான் ஒரு கோணியின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன், கை விட முடியவில்லை. ராஜேஸ்வரி எழுந்துபோய்ப் பெரிய மூட்டை ஒன்றின் ஒரு முனையைப் பிடித்தார். தனியாக அசைக்க முடியவில்லை.

அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். மூட்டைக்கு மேலாக ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

"ம்... தூக்கு!" என்றாள்.

ராஜேஸ்வரி தூக்கினார்.